கூப்பிட்டது யாரை?

சியோல்
9 ஜூன் 1988

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. உங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் நாம் பேசுவதில் பாதியைக் கடைக்காரம்மாவும் மீதியை அவள் புருஷனும் கேட்டு, பொழுது சாய்வதற்குள் குர்யோங்போ துறைமுகம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். அதனால்தான் காகிதம்.

என்னை ஏமாற்றி அழைத்துப் போனீர்கள். அதை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வருது. கியோங்ஜுவுக்குப் போயி சும்மா சுத்திட்டு வருவோம். நீயும் நானும் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!" என்று சொன்னது யார்? அதை நம்பிப் பல் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக்குக் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்தேன். கடல் காற்று குளிரும் என்றீர்களே என்று ஜூன் மாதத்தில் கம்பளி ஸ்வெட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். அந்த மழையில் ஒரே குடையில் இருவரும் ஆளுக்கொரு தோளை நனைத்துக்கொண்டு, மேடு மேடாகக் கிடந்த ராஜா சமாதிகளுக்கு நடுவே நடந்தோம். ஒரு சமாதிக்குள் டிக்கெட் வாங்கிப் புகுந்துகொண்டு, "மழைக்கு ஒதுங்க நல்ல இடம்டீ, ராஜா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று நீங்கள் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். பயறு அடைத்த ரொட்டி ஒரு பெட்டி முழுவதையும் விடுதி அறையில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். அண்ணன் படகோடு காணாமல் போன பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் துண்டு தேடி உங்கள் மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே அண்ணனுடைய நீல ஸ்வெட்டர்.

"இது எதுக்கு இங்க வந்துச்சு?"

"நாளைக்குக் காலைல போங்கில் கடற்கரைக்குப் போறோம். சொல்லியாச்சு."

"யாருக்குச் சொல்லியாச்சு? எனக்கா?"

"சாமியாடிக்கு."

அவ்வளவுதான் உங்கள் விளக்கம். உடலே கிடைக்காத ஒருவனுடைய உயிரைக் கடலிலிருந்து கிண்ணம் போட்டு எடுப்பதற்கு, லீவு என்று பெயர் வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். கூடப் பிறந்தவள் ஒருத்தி நிற்க வேண்டும் என்று அவள் சொன்னாளாம்.

நான் அழுதேன், கத்தினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். பிறகு நான் ஏன் சரி என்று வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

அந்தக் காலைப் பொழுது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மழையில் அந்தச் சாமியாடி அம்மாள் பட்டு அங்கிக்கு மேல் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு, சிகரெட்டைப் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வந்தாள். வெண்கலக் கிண்ணத்தில் அரிசி போட்டு, வெள்ளைத் துணியில் கட்டி, கயிற்றில் அதைக் கடலுக்குள் இறக்கினாள். கடலுக்குள் ராஜாவைப் புதைத்த பாறைப் பக்கம் ஸ்வெட்டரை வீசி வீசி, அண்ணன் பேரைச் சொல்லி, "பியோ தோக்யூ, வா! பியோ தோக்யூ, வா!" என்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுக்கும்போது பத்து மணிச் சங்கு ஊதியது. போரில் செத்தவர்களுக்கு வருஷா வருஷம் ஊதுகிற சங்கு. அவ்வளவு நேரம் ஆடியவள் சட்டென்று தலை குனிந்து நின்றாள். மேளக்காரர் நின்றார். நண்டு விற்கிற பெண்கள் நின்றார்கள். கயிறு மட்டும் தண்ணீருக்குள் கிடந்தது, பிடிக்க ஆளில்லாமல்.

அப்போதுதான் கயிறு இழுபட்டது. நீங்களும் பார்த்தீர்கள். அலை என்று நான் இன்றும் சொல்வேன்.

அண்ணன் உயிரோடு இருக்கிறான். வட கொரியாக்காரர்கள் இழுத்துப் போன படகுகளில் சில திரும்பி வரவில்லையா? அவனைச் செத்தவன் ஆக்குவதற்கு உங்களுக்கு இவ்வளவு அவசரம் கூடாது. நாற்பத்தொன்பது நாள் ஸ்வெட்டரை வீட்டில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு எரித்தால் அவன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவான் என்றாளே, தாராளமாக எரியுங்கள். ஒன்றும் நடக்காது.

சியோலுக்குத் திரும்பியதிலிருந்து என் காலணி காயவே இல்லை. வெயிலில் வைத்தும் உள்ளே நசநசவென்று இருக்கிறது. அதற்கும் உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்ஹீ

*

குர்யோங்போ
16 ஜூன் 1988

நான்ஹீ,

உன் கடிதம் வந்தது. திட்டி முடித்துவிட்டாயா, இன்னும் மீதி இருக்கிறதா?

ஏமாற்றித்தான் கூட்டிப் போனேன். சொல்லிக் கூப்பிட்டால் வந்திருப்பாயா? நீ உன் கட்சியை எழுதினாய், என் கட்சியையும் கேள்.

அந்தப் படகில் போன மற்ற ஆண்களின் வீடுகளில் எல்லாம் சடங்கு முடிந்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்குச் சமைக்கிறார்கள், அழுகிறார்கள், மறுநாள் எழுந்து கணவாய் மீன் உலர்த்த வருகிறார்கள். எனக்கு அந்த ஒரு நாள் இல்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அரைகுறையாக அழுகிறேன். புருஷன் இருக்கிறானா என்று யாராவது கேட்டால் இருக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நீ அண்ணனுக்காகக் காத்திருக்கிறாய். நான் அவருக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

இனிமேல் சொல்லப் போவதைச் சிரிக்காமல் படி.

அவர் வந்துவிட்டார்.

மழை பெய்கிற மத்தியானங்களில் வருகிறார். இப்போது மழைக்காலம், கணவாய் காயாது, எனக்கும் வேலை இல்லை. வீட்டில்தான் இருக்கிறேன். முதல் நாள் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து மரத்தரை மேல் ஈரக் கால்தடம். நேரே ஸ்வெட்டர் தொங்குகிற சுவர் வரை போய் அங்கே நின்றுவிட்டது. திரும்பிய தடம் இல்லை. நான் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டே, "வந்துட்டீங்களா? துண்டு அங்கதான் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்று வருஷம் கழித்து வந்தவரிடம் என்னென்னவோ பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். துண்டு பற்றித்தான் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி வருகிறார். கால்தடம் சின்னதாக இருக்கிறது. தண்ணீரில் இவ்வளவு நாள் கிடந்தால் சுருங்காதா? கிண்ணத்து அரிசிக்குள் முடி ஒன்று கிடைத்ததே, அது நீளமாக இருந்தது என்று நீ முகத்தைச் சுளித்தாய். சாமியாடி அப்போதே சொன்னாள், "மூணு வருஷமா அங்க யாரு முடி வெட்டி விடுவா?" என்று.

கானாங்கெளுத்தி பொரித்து வைத்தேன். தொடவில்லை. மீன் நடுவிலேயே கிடந்தவருக்கு மீன் அலுத்துப் போயிருக்கும். பானை அடிச் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர் மட்டும் குறைகிறது. இன்னொரு அதிசயம். வீட்டில் இருந்த காலத்தில் செருப்பை ஒன்று தெருவிலும் ஒன்று கொல்லையிலுமாக உதறிவிட்டு வருவாரே, இப்போது நான் எப்படிப் போட்டாலும் இரண்டையும் சேர்த்து, முன்பக்கம் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுகிறார். செத்த பிறகுதான் உன் அண்ணனுக்கு ஒழுங்கு வந்திருக்கிறது.

நான் சந்தோஷமாக இருக்கிறேன் நான்ஹீ. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன். ஜூலை 24 வரை அவர் இங்கே இருக்கட்டும். பிறகு ஸ்வெட்டரை எரித்து, கதகதப்பான இடத்துக்கு அனுப்பிவைப்பேன். அன்றைக்கு நீ வர வேண்டும்.

காலணிக்குள் பழைய பேப்பரைத் திணித்து வை. ஈரத்தை இழுத்துவிடும்.

ஓக்ஜின்

*

சியோல்
24 ஜூன் 1988

அண்ணிக்கு,

முடி வளருமாம், பாதம் சுருங்குமாம்! நல்ல கதை என்று பஸ்ஸிலேயே படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்தவள், அந்தச் செருப்பு விஷயம் வந்ததும் நிறுத்திவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அண்ணி, செருப்பைத் திருப்பி வைக்கிற பழக்கம் யாருக்கு? உங்கள் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் செருப்பையும் திருப்பி வைத்துவிட்டு, "இவ என்ன எல்லாரையும் வெளிய போகச் சொல்றாளா?" என்று மாமாவிடம் திட்டு வாங்கியது யார்? மீன் வாடை ஆகாமல் அடிச் சோற்றுத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தது யார்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். சொல்லாமல் இருக்கவும் இப்போது பயமாக இருக்கிறது.

நீங்கள் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் ஒரே நூலில் இரண்டு ஸ்வெட்டர் பின்னினீர்கள். அளவெடுக்க வெட்கப்பட்டு இரண்டையும் ஒரே அளவில் பின்னிவிட்டீர்கள். அவனுக்கு இறுக்கிப் பிடித்தது, எனக்குத் தொளதொள. கியோங்ஜுவுக்கு நான் கொண்டு வந்தது அதைத்தான். திங்கட்கிழமை காலை நீங்கள் முகம் கழுவப் போனபோது மூட்டையில் இருந்த அண்ணனுடையதை எடுத்துக்கொண்டு, என்னுடையதை மடித்து வைத்தேன். அதனால்தான் பேசாமல் கடற்கரைக்கு வந்தேன். அவனுடைய துணி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் அவன் வர மாட்டான், செத்தவன் கணக்கில் சேர மாட்டான் என்று நினைத்தேன். உங்களையும் அந்தச் சாமியாடியையும் ஒரே அடியில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அங்கே ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது என் ஸ்வெட்டரை.

பேரைக் கேட்டு வருவது உடம்பு, துணியைக் கண்டு வருவதுதான் உயிர் என்று அம்மா சொல்வாள். சாவு வீட்டுக் கொடியில் நம் துணி காயக் கூடாது என்று எத்தனை தடவை இழுத்து அடித்திருக்கிறாள். அதெல்லாம் தெரிந்தும் செய்தேன். அவ்வளவு ஆத்திரம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டால் யாரும் எழுந்திருப்பதில்லை. டாக்டர் பக்கத்தில் நின்று சாமானை நீட்டினால், "நான்ஹீ எங்கே போனா?" என்று கேட்கிறார். சோறு வாயில் பஞ்சு மாதிரி இருக்கிறது. விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததுபோலச் சுருங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியலுக்குப் போனேன். அழுக்குத் தேய்த்துவிடுகிற அம்மாள் என் முதுகைத் தேய்த்தவள் நிறுத்தினாள்.

"ஏம்மா, நேத்து கடலுக்குப் போனியா?"

"இல்லையே."

"அழுக்கே வரலியே உனக்கு. மணலா வருது."

பலகையைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளையாக, ஈரமாக, நிஜ மணல். ஊரே ஒலிம்பிக்ஸுக்குச் சாயம் பூசிப் பளபளவென்று நிற்கிறது, நான் அதன் நடுவில் மணலாக உதிர்ந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவது அண்ணன் இல்லை. அந்த ஸ்வெட்டரை எரித்துவிடாதீர்கள். எரித்தால் நான் என்ன ஆவேன்?

நான்ஹீ

*

குர்யோங்போ
3 ஜூலை 1988

நான்ஹீ,

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் பொறுத்தேன்.

புசான் மீன் சந்தையில் அண்ணனைப் பார்த்தேன், தாடி வைத்திருந்தான், கூட்டத்தில் தொலைத்துவிட்டேன் என்று ஒரு தடவை எழுதினாயே, நினைவிருக்கிறதா? அவர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருத்தி பாவப்பட்டு எனக்குச் சூப் வாங்கிக் கொடுத்தாள். பிறகு நீ, "மாதிரி இருந்தான், அவன்தான்னு நான் சொல்லலியே" என்றாய். அதற்கடுத்த வருஷம் ஜப்பான் ரேடியோவில் அவர் பேரைக் கேட்டதாகச் சொன்னாய். புலி வருது, புலி வருது என்று நீ கத்திய ஒவ்வொரு தடவையும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் நான். இனி ஓட மாட்டேன்.

சடங்கு கெட வேண்டும், அவ்வளவுதானே உனக்கு? ஸ்வெட்டரை எரிக்கக் கூடாது. எரித்தால் அவர் செத்தது உறுதியாகிவிடும். அதற்கு மணல் வரை போய்விட்டாய். கெட்டிக்காரிதான்.

நீ சொன்ன பிறகு ஸ்வெட்டரை இறக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பின்னியவள் நான், எனக்கே தெரியவில்லை. கழுத்தும் அதே கழுத்து, கையும் அதே கை. உன்னிடம் இருப்பதை அனுப்பு என்று எழுத நினைத்தேன். அனுப்பினாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்து எதைக் கொண்டு நம்புவேன்?

சாமியாடியிடம் கேட்டேன். நீ மாற்றிய கதையைச் சொல்லவில்லை, வெட்கம். எரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். "இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம நனைஞ்சுகிட்டே நிப்பான்மா. உனக்கு அது பாவமா தெரியலையா?" என்றாள்.

நேற்றும் வந்தார். சுவரோரம் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே நிற்பவர் குளிரில் நடுங்கினால் தரைப்பலகை ஒரு மாதிரி முனகும், அப்படி முனகியது. எனக்காக மட்டும் அவரை இப்படி நிறுத்தி வைப்பது நியாயமில்லை. 24ஆம் தேதி எரிப்பேன். உனக்கு வர மனமில்லாவிட்டால் வர வேண்டாம்.

ஓக்ஜின்

*

சியோல்
13 ஜூலை 1988

அண்ணி,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து அலைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புசானில் பார்த்தது பொய்தான். ரேடியோவும் பொய்தான். அவனை உயிரோடு வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் அந்தச் சந்தையில் அலைந்ததை நினைத்தால் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. ஆனால் இது பொய் இல்லை. புலி இந்தத் தடவை வந்துவிட்டது. என் காலிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது.

நேரில் வந்து உங்கள் காலில் விழலாம் என்று போன வாரம் பஸ் ஏறினேன். பாதி வழியில் தேஜோனில் எல்லோரும் காபி குடிக்க இறங்கினோம். நான் திரும்பி வருவதற்குள் ஓட்டுநர் தலைகளை எண்ணிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சுப்பா" என்று கதவை மூடிவிட்டார். கண்ணாடியைத் தட்டிக்கொண்டே ஓடினேன். என் சீட்டுக்குப் பக்கத்து சீட்டுக்காரி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு மழையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவளை யாரோ சரக்கு லாரிக்காரர் சியோலுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அவர் மட்டும் எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். "பொண்ணைப் பாக்கலம்மா. பெஞ்சுலேருந்து தண்ணி ஒழுகுதேன்னு பாத்தேன்" என்றார்.

அதிலிருந்து கால் தரையில் நிற்பதில்லை. மழை பெய்கிற மத்தியானங்களில் தூக்கம் அமுக்குகிறது. தூக்கத்தில் ஒரு மரத்தரையில் நிற்கிறேன். எதிரில் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கழுவுகிறீர்கள். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தால் வாய் முழுக்கத் தண்ணீர். நீங்கள் திரும்பிப் பார்த்து, துண்டு அங்கே இருக்கிறது என்கிறீர்கள். எவ்வளவு அன்பாகச் சொல்கிறீர்கள் அண்ணி! என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த அன்பு எனக்கில்லை என்று தெரிந்துதான் அழுகிறேன்.

இருபத்தாறு வயதுதான் ஆகிறது எனக்கு. பயமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வீறாப்பாக இருக்க இனிமேல் முடியவில்லை. ஸ்வெட்டரை எரிக்காதீர்கள். என்னை நம்பாவிட்டால் போகிறது. அந்தச் சின்னக் கால்தடத்துக்குப் பக்கத்தில் அண்ணனுடைய பழைய ரப்பர் பூட்ஸை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காரம்மா இதைத் தபாலில் போடுவாள். அவளுக்கு இன்னும் என்னைத் தெரிகிறது, வாடகை பாக்கி இல்லாத ஒரே ஆள் நான்தானாம்.

நான்ஹீ

*

குர்யோங்போ
24 ஜூலை 1988

நான்ஹீ,

இதைப் படிக்க நீ இருக்கிறாயா? இருக்க வேண்டும். இரண்டு கையிலும் கொப்புளம், துணி சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். உடனே கிளம்பி வந்திருப்பேன். மழையில் மலை சரிந்து ரோடு மூடிக் கிடக்கிறது. தபால் வண்டி மட்டும் கடலோரமாகச் சுற்றிப் போகிறது. என்னையும் ஏற்றிக்கொள் என்று கெஞ்சினேன். "சாக்கை ஏத்தவே இடமில்ல, உங்களை மடியிலயா வச்சுக்குவேன்?" என்கிறான். அதனால் இந்தப் பொட்டலத்தை மட்டும் அவன் கையில் திணிக்கிறேன்.

பூட்ஸை நான் வைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். அந்தத் தடம் பூட்ஸுக்குள் பாதிகூட வராது என்று எனக்கு முதல் நாளே தெரியும். நான்தானே அவருக்குச் சாக்ஸ் பின்னிக் கொடுத்தவள்? தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டேன். பேச்சுத் துணைக்கு ஓர் ஈரத் தரை கிடைத்ததையே பெரிதாக நினைத்தேன். உன்னை நம்பினால் அவர் மறுபடியும் வராதவர் ஆகிவிடுவார். அதனால் நம்பவில்லை.

இன்று காலை மழை கொஞ்சம் விட்டது. முற்றத்தில் பழைய எண்ணெய் டின்னில் வைக்கோல் போட்டுப் பற்றவைத்தேன். பழமும் சோஜு சாராயமும் வைத்தேன். ஸ்வெட்டரை எடுத்து, "போயிட்டு வாங்க. அங்க நனையாம இருங்க" என்று சொல்லி நெருப்பில் போட்டேன். ஒரு கை பற்றிக்கொண்டது. கம்பளி எரிகிற நாற்றம்.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

இத்தனை நாளில் ஒரு சத்தம் வந்ததில்லை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"அண்ணி."

உன் அண்ணன் எட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஏய் என்றார், கோபம் வந்தால் கிழவி என்றார். என்னை அண்ணி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

எப்படி டின்னுக்குள் கையை விட்டேன் என்று தெரியவில்லை. இழுத்து மண்ணில் போட்டு, வெறும் கையால் அடித்து, கிம்ச்சிக்கு வைத்திருந்த உப்புத் தண்ணீரை வாரிக் கொட்டினேன். கடைக்காரம்மா ஓடி வந்து, "பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்று பிடித்து இழுத்தாள். அவளையும் நனைத்துவிட்டேன்.

பிறகு ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சியோல் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தினேன். "பியோ நான்ஹீ, உன் வீட்டுக்குப் போ! பியோ நான்ஹீ, உன் உடம்புக்குப் போ!" தெருவே பார்த்தது. பார்க்கட்டும். என் காலடியில் ஈரத் தடம் ஒன்று படியிறங்கிப் போனது, மழை வந்து அழிக்கிற வரை.

இப்போது வீடு காய்ந்து கிடக்கிறது. செருப்பை வேண்டுமென்றே உதறிப் போட்டேன், போட்டபடியே கிடக்கிறது. அழுகை வந்தது. உனக்காகவா எனக்காகவா என்று கேட்காதே.

பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். ஆனால் நான்ஹீ, நான் எடுப்பதற்குள் ஸ்வெட்டரின் இடது கை முழங்கை வரை எரிந்துவிட்டது. உன் இடது கை எப்படி இருக்கிறது? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அதை மட்டும் உடனே எழுது.

ஓக்ஜின்

*

சியோல்
1 ஆகஸ்ட் 1988

அண்ணிக்கு,

வலது கையால்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்தில் குறை தெரியாது. இடது கை முழங்கைக்குக் கீழே ஒன்றும் உணர்வதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஊசி குத்தினாலும் தெரியாது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரியும் என்று நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் திரும்பிவிட்டது. நேற்று பஸ்ஸில் ஒருவன் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

உங்கள் கொப்புளத்துக்கு மருந்து வைத்திருக்கிறேன், நேரில் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை வருவேன். அண்ணனுடைய ஸ்வெட்டரையும் கொண்டு வருவேன். போங்கில் சாமியாடி அம்மாளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இந்தத் தடவை துணி சரியான துணி என்று.

ஏன் என்று கேட்பீர்கள். 24ஆம் தேதி காலை நான் உங்கள் வீட்டில் மட்டும் இருக்கவில்லை, கடலுக்கு அடியிலும் இருந்தேன். நீங்கள் வாசலில் கத்தியது தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்டது. நான் இருந்த இடத்தில் வெளிச்சமே இல்லை, மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. அப்போது யாரோ கீழேயிருந்து என் இரண்டு உள்ளங்காலையும் தன் உள்ளங்கையில் ஏந்தி, மேலே தள்ளினார்கள். சின்ன வயதில் துறைமுகத்தில் எனக்கு நீச்சல் பழக்கியவன் அப்படித்தான் தள்ளுவான். வலது கையில் நடுவிரல் பாதிதான் இருந்தது. இயந்திரத்தில் வெட்டுப்பட்ட அண்ணனுடைய விரல், உங்களுக்குத் தெரியும். அவன் என்னோடு மேலே வரவில்லை.

உயிரோடு இருப்பவருக்கு ஒரு தடவை, போனவருக்கு இரண்டு தடவை விழுந்து வணங்க வேண்டும். இந்த மூன்று வருஷமும் அண்ணன் படத்துக்கு முன்னால் நான் ஒரு தடவையோடு எழுந்துவிடுவேன். நீங்கள் கவனித்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள்.

நேற்று படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு தடவை வணங்கினேன். எழுந்து நின்றேன். வெகுநேரம் நின்றேன். பிறகு, ஒரு கையை மட்டும் தரையில் ஊன்றி, இரண்டாவது தடவையும் வணங்கினேன், அண்ணி.

நான்ஹீ